112 மின்னஞ்சல், 9 பதில்: பினாங்கில் ஒரு போஸ்ட்டாக் தேடல்

முனைவர் பட்டம் முடித்த ஒரு பெண், போஸ்ட்டாக் எனப்படும் தற்காலிக ஆய்வு வேலையைத் தேடினார். அதில் 2022 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் பெயரையும் படித்த இடத்தையும் சொல்லவில்லை. நான் அதே துறையில் அவருக்குப் பத்து வருடம் மூத்தவள். தேடலின் நடுவில் போய்ச் சேர்ந்தேன். சில முடிவுகள் என்னுடையவை, அவற்றில் ஒன்று தவறான முடிவு.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் முனைவர் பட்டம் முடித்த நம் பிள்ளைகள் பலர் இதே இடத்தில் நிற்பதைப் பார்க்கிறேன். உழைப்பில் குறை இல்லை. வேறொரு துறையின் வழக்கப்படி தேடுகிறார்கள், அங்கேதான் வருடங்கள் போகின்றன.

பின்னணி

அவருக்கு அப்போது வயது 34. பட்டர்வொர்த் பக்கம் வளர்ந்தவர். தாத்தா காலம் வரை குடும்பம் தோட்டத்து லயத்தில் இருந்தது. கணவருக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. ஐந்து வயதில் ஒரு மகள். குளுகோரில் வாடகை ஃபிளாட். ஒரு தனியார் கல்லூரியில் மணிக்கணக்கில் பாடம் எடுத்துக்கொண்டே வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார்.

வட மலாயா தோட்ட ஆஸ்பத்திரிகளும், கப்பலில் வந்த தொழிலாளர்களை பினாங்கை ஒட்டிய புலாவ் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்த முறையும் அவர் ஆய்வுப் பொருள். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் சிஓ 273 வரிசைக் கோப்புகளை, அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் பற்றிய காலனி அலுவலகக் கடிதங்களை, நுண்படச் சுருளில் படித்திருக்கிறார். இவற்றோடு வேறு யாரிடமும் இல்லாத ஒன்றும் அவரிடம் இருந்தது. ஒரு தோட்டத்து டிரஸர், அதாவது ஆஸ்பத்திரி உதவியாளர், தன் கைப்பட எழுதிய தமிழ்ப் பேரேடு. அந்த டிரஸரின் பேரன் வீட்டு அலமாரியிலிருந்து கிடைத்தது.

2022 ஆகஸ்டில் வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. சிறு திருத்தங்களோடு தேறினார்.

முதல் ஆறு மாதம்

வைவா முடிந்த கையோடு, ஐரோப்பிய ஒன்றியம் போஸ்ட்டாக் ஆய்வாளர்களுக்குத் தரும் மரீ கியூரி ஃபெலோஷிப்பைப் பற்றி விசாரித்தார். அந்த வருடத்தின் கடைசி நாள் செப்டம்பர் 14. பட்டமளிப்பு விழாவில் பட்டச் சான்றிதழான ஸ்க்ரோலை வாங்கிய பிறகுதான் விண்ணப்பிக்க முடியும் என்று யாரோ சொல்ல, அதை நம்பி விட்டுவிட்டார். விதி அப்படி இல்லை. கடைசி நாளுக்குள் ஆய்வேட்டை வெற்றிகரமாக வாதிட்டு முடித்திருந்தால் போதும், பட்டம் கைக்கு வந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு மாதத்தில் நல்ல விண்ணப்பம் எழுதியிருக்க முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் வைவா தேதி முன்னாலேயே தெரியும். ஏப்ரலிலேயே தொடங்கியிருக்கலாம்.

அடுத்து அவர் தம்பியின் வழியைப் பிடித்தார். தம்பி வேதியியல். நாற்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டு, மூன்றே மாதத்தில் தைவானில் ஓர் ஆய்வுக்கூடத்தில் போஸ்ட்டாக் வேலை வாங்கியவர். "சும்மா எழுதிக்கிட்டே இரு அக்கா, யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டுரும்" என்று அக்காவுக்கு யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தோடு சொன்னது, அவர் துறைக்குச் சரியானதும்கூட.

2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை அக்கா 112 மின்னஞ்சல் அனுப்பினார். 9 பதில் வந்தது. ஒன்பதும் மரியாதையான மறுப்பு. ஜனவரியில் பல்கலைக்கழக செனட்டின் கடிதம் வந்தது, பட்டம் உறுதியாயிற்று. அதன்பின் மாணவர் கணக்கு மூடப்பட்டு, பல்கலைக்கழக மின்னஞ்சலும் நூலகத்தின் மின்னிதழ் வசதியும் போயின. பட்டம் வாங்கிய மாதத்திலேயே ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் வழி அடைபட்டது. நம் ஊரில் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மேசையில் பார்த்தது

2023 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அனுப்பிய மின்னஞ்சல்களை அச்சடித்து வைத்திருந்தார். பின்பக்கத்தில் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

112 கடிதமும் ஒரே கடிதம். "மதிப்புக்குரிய ஐயா" என்று தொடங்கி, உங்கள் மதிப்புமிக்க ஆய்வுக் குழுவில் சேர விரும்புகிறேன் என்று போய், இரண்டு பக்கத்தில் முடிந்தது. பெண் பேராசிரியர்களுக்கும் அதே "ஐயா". ஆய்வேட்டின் தலைப்பு இருந்தது. அது எந்தக் கேள்விக்குப் பதில் தேடியது என்று ஒரு வரிகூட இல்லை.

இதைவிடப் பெரிய கோளாறு யாருக்கு எழுதினார் என்பதில் இருந்தது. பெறுநர் பட்டியலை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தோம். பெரும்பாலோர் வரலாறு, மானுடவியல், தெற்காசியவியல் பேராசிரியர்கள். அவர்கள் கையில் ஆள் எடுக்கப் பணம் இல்லை. வேதியியல், உயிரியல், பொறியியல் துறைகளில் ஆய்வு மானியம் பேராசிரியர் பெயரில் இருக்கும். ஆய்வுக்கூடம் ஓட ஆள் வேண்டும். நல்ல நேரத்தில் நல்ல கடிதம் போனால் அவரே முடிவெடுத்துவிடலாம். தம்பிக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். வரலாற்றுப் பேராசிரியர் பெரும்பாலும் தனியாக வேலை செய்பவர். "என்னை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால், எதைக் கொண்டு எடுப்பார்?

துறைக்குத் துறை வழி மாறுகிறது. பொருளியலில் வருடத்துக்கு ஒரு சந்தை. அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் ஜேஓஈ என்ற வேலைப் பட்டியலில் இலையுதிர்காலத்தில் விளம்பரம் வரும், ஒரே ஒரு நல்ல கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே பருவத்தில் விண்ணப்பிப்பார்கள். கணிதக்காரர்களுக்கு மேத்ஜாப்ஸ். வானியலுக்கு அமெரிக்க வானியல் சங்கத்தின் வேலைப் பதிவேடு. மானுடவியல், வரலாற்றுக்காரர்கள் எச்-நெட்டைப் பார்க்க வேண்டும். பிரிட்டனுக்கு ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யுகே, ஐரோப்பாவுக்கு யூராக்செஸ். அவர் பார்த்துக்கொண்டிருந்ததோ தம்பி சொன்ன நேச்சர் கரியர்ஸும் லிங்க்ட்இன்னும்.

அப்புறம் அவருடைய சுயவிவரத்தைப் புரட்டினேன். ஆறு பக்கம். கலந்துகொண்ட பட்டறைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் "மொழிகள்: தமிழ், மலாய், ஆங்கிலம், ஜாவி வாசிப்பு". ஜாவி என்பது மலாயை எழுதும் அரபு வரிவடிவம். பேரேட்டைப் பற்றி எங்குமே இல்லை.

"அந்த டிரஸர் கணக்குப் புத்தகத்தை ஏம்மா போடல?"

"அது தமிழ்லதானே இருக்கு அக்கா. அவங்களுக்கு என்ன புரியப் போவுது?"

அந்தப் பதில் எனக்கு இன்றும் வலிக்கிறது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

மின்னஞ்சல் அனுப்புவதை அன்றே நிறுத்தினோம்.

தேடலை மூன்றாகப் பிரித்தோம். சொந்த ஆய்வுத் திட்டத்தோடு விண்ணப்பிக்கும் ஃபெலோஷிப்புகள் ஒன்று. மரீ கியூரி, ஜெர்மனியின் ஹம்போல்ட், ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆசிய ஆய்வுக் கழகம், லைடனில் உள்ள ஆசிய ஆய்வுகளுக்கான பன்னாட்டு நிறுவனம் ஆகியவை இதில் வரும். அடுத்தது, பெரிய மானியம் வாங்கிய ஒருவரின் திட்டத்தில் ஆள் எடுக்கும் வேலைகள். மூன்றாவது உள்ளூர் வேலைகள்: ஒப்பந்த விரிவுரையாளர், ஆய்வு அதிகாரி, கொள்கை ஆய்வு நிறுவனங்கள்.

முதல் வகைக்கு ஒரு கடிகாரம் உண்டு, பட்டத்திலிருந்து ஓடும். அப்போதைய விதிப்படி ஹம்போல்டில் போஸ்ட்டாக் பிரிவுக்கு 4 வருடம், ஜேஎஸ்பிஎஸ்ஸுக்கு 6, மரீ கியூரிக்கு 8. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளில் இவற்றை எழுதி ஒட்டினார். குறைந்த காலம் உள்ளதை முதலில் முடிப்பதுதான் முறை. ஆனாலும் நாங்கள் மரீ கியூரியை முதலில் எடுத்தோம். அதற்குக் கடைசி நாள் உண்டு, ஹம்போல்டுக்கு அப்போது வருடம் முழுக்க அனுப்பலாம். தேதி இல்லாத வேலையை வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு செய்து முடிப்பது கடினம் என்று அவரே சொன்னார். சரி என்று பட்டது.

மரீ கியூரிக்கும் ஹம்போல்டுக்கும் ஜேஎஸ்பிஎஸ்ஸுக்கும் அங்கே ஒரு பேராசிரியர் நம்மை ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் வரலாற்றுத் துறையில் மின்னஞ்சலுக்கு வேலை வருகிறது. பணம் வெளியிலிருந்து வரும், இடமும் வழிகாட்டலும் தந்தால் போதும் என்று கேட்டால் பேராசிரியருக்குச் சரி சொல்வது எளிது. ஐந்து பேருக்கு மட்டும், ஒவ்வொருவரின் நூலையும் படித்துவிட்டு எழுதினார். மூன்று பேர் பதில் போட்டார்கள். நெதர்லாந்தில் ஒருவர் ஏற்றுக்கொண்டார்.

பரிந்துரைக் கடிதத்தையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. அவர் மேற்பார்வையாளர் நல்லவர், ஆனால் கடிதம் நான்கு வரி. "ஒழுக்கமானவர், கடும் உழைப்பாளி" என்று முடிந்துவிட்டது. வேறு நாட்டுத் தேர்வுக் குழு இதைப் படித்தால், சொல்ல வேறு ஒன்றும் இல்லை போல என்று நினைத்துவிடும். ஆய்வேட்டில் புதிதாக நிறுவியது என்ன, எந்த ஆதாரத்தைக் கொண்டு என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அவருக்குக் கூச்சம். "சாருக்கு நாமே சொல்லிக் கொடுக்குற மாதிரி இருக்காதா?" மேற்பார்வையாளர் அந்தக் குறிப்பைப் பார்த்து, இதை முதலிலேயே கொடுத்திருக்கலாமே என்று சொல்லி இரண்டு பக்கம் எழுதித் தந்தார்.

என் தவறு

2023 ஜூனில் பினாங்கிலேயே ஓர் ஆய்வு அதிகாரி வேலை வந்தது. வேறொருவரின் மானியத்தில் எட்டு மாத ஒப்பந்தம். அவர் பொருளுக்குச் சம்பந்தமில்லாத சுற்றுலா பற்றிய ஆய்வு. நேரம் போய்விடும், விண்ணப்பத்தில் கவனம் வை என்று சொன்னேன். என் பேச்சைக் கேட்டு மறுத்துவிட்டார்.

அந்த எட்டு மாதமும் வீட்டுச் செலவைக் கணவரின் ஓவர்டைமும் கல்லூரியின் மணிக்கூலியும்தான் தாங்கின. கல்லூரி விடுமுறை மாதத்தில் கூலியே இல்லை. அந்த வேலையை எடுத்திருந்தால் சம்பளத்தோடு நூலக வசதியும், ஒரு நிறுவனத்தின் பெயரும், பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியும் திரும்பக் கிடைத்திருக்கும். நிரந்தரச் சம்பளம் வாங்கும் நான், வாங்காத ஒருவருக்கு யோசனை சொன்னேன். அவர் இதைப் பற்றி ஒரு நாளும் குறை பேசியதில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

விண்ணப்பம்

மரீ கியூரி விண்ணப்பத்தின் முக்கியப் பகுதி 10 பக்கம். மதிப்பெண்ணில் ஆய்வின் தரத்துக்கு 50 விழுக்காடு, தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் முறைக்கு 20. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் இரவு பத்து மணிக்கு மேல் எழுதினார். சனிக்கிழமைகளில் சுங்கை டுவா மாமாக் கடையில் தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு நான் படிப்பேன். ஐந்து வரைவு ஆயிற்று.

மூன்றாவது வரைவில்தான் பேரேடு நடுவுக்கு வந்தது. அந்த டிரஸர் பல பக்கங்களில் நோயாளி பெயருக்கு எதிரே "பேதி" என்று மட்டும் எழுதியிருக்கிறார். தமிழில் பேதி என்றால் சாதாரண வயிற்றுப்போக்கும் உண்டு, சீதபேதியும் உண்டு, காலராவான வாந்திபேதியும் உண்டு. ஆனால் ஆங்கில மாதாந்திர அறிக்கையில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி. ஒற்றைச் சொல்லை எந்தப் பத்தியில் போடுவது என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். காலரா என்று போட்டால் தோட்டத்துக்கே தொந்தரவு. வயிற்றுப்போக்கு என்று போட்டால் கணக்கு முடிந்தது. சாவுக் கணக்கு அங்கே உருமாறுகிறது. இதைத் தமிழ் தெரியாத ஒருவரால் பார்க்கவே முடியாது. "அவங்களுக்கு என்ன புரியும்" என்று ஒதுக்கிய புத்தகம்தான் அவருடைய கேள்வியாக நின்றது.

செப்டம்பர் 13 கடைசி நாள். இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார்.

ஒன்பது வரி

அதே செப்டம்பர் தொடக்கத்தில் ஐரோப்பிய ஆய்வுப் பேரவை, அதாவது ஈஆர்சி, தன் தொடக்கநிலை மானியப் பட்டியலை வெளியிட்டது. இந்த மானியம் ஐந்து வருடத்துக்கு 15 லட்சம் யூரோ வரை. வாங்குபவர் குழு அமைக்க வேண்டும், போஸ்ட்டாக் எடுக்க வேண்டும். அந்த வருடம் 400 பேருக்குக் கிடைத்தது. பட்டியலில் பெயர், நிறுவனம், திட்டத் தலைப்பு எல்லாம் இருக்கும். வேலை விளம்பரம் வரப் பல மாதம் ஆகும். ஆனால் யாரிடம் பணம் வந்திருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்களை கோர்டிஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் தரவுத்தளத்தில் தேடலாம்.

மனிதகுலக் கடந்தகாலம் பற்றிய எஸ்எச்6 பிரிவில் ஒவ்வொரு தலைப்பாகப் படித்தார். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்தியப் பெருங்கடல் வட்டாரத் தொழிலாளர் உடல்நலம் பற்றி ஒரு திட்டம் இருந்தது. திட்டத் தலைவருக்கு எழுதினார். இந்த முறை ஒன்பது வரி. மானியத்துக்கு வாழ்த்து ஒரு வரி. அவருடைய கட்டுரை ஒன்றில் எழுப்பியிருந்த கேள்வி இரண்டு வரி. பேரேட்டில் அதற்கு என்ன இருக்கிறது என்று மூன்று வரி. தனக்கு வாசிக்கத் தெரிந்த கையெழுத்துகள் ஒரு வரி. ஆள் எடுக்கும் எண்ணம் இருந்தால் எப்போது, எங்கே விளம்பரம் வரும் என்ற கேள்வி ஒரு வரி. பெயர்.

நான்காம் நாள் பதில் வந்தது. ஜனவரியில் விளம்பரம் வரும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. விளம்பரத்துக்கு முன் வேறு எதையும் அவரால் சொல்ல முடியாது, பொதுத் தேர்வு நடத்தியாக வேண்டும். ஆனால் இவர் பெயரும் பேரேடும் அவர் நினைவில் பதிந்துவிட்டன.

முடிவுகள்

2024 பிப்ரவரியில் மரீ கியூரி முடிவு வந்தது, கிடைக்கவில்லை. அந்தச் சுற்றில் 8,000 விண்ணப்பம் போல வந்து, சுமார் 1,250 பேர் தேர்வானார்கள். இவர் மதிப்பெண் 80-க்கு மேல், ஆனால் 85-க்குக் கீழ். 85 எடுத்திருந்தால் தரச் சான்றிதழாவது கிடைத்திருக்கும். ஆதாரங்களைப் பாராட்டியிருந்தார்கள். அங்கே போய் இவர் புதிதாக என்ன கற்கப் போகிறார், அங்குள்ளவர்களுக்கு என்ன கற்றுத்தரப் போகிறார் என்பது தெளிவாக இல்லை என்று குறை எழுதியிருந்தார்கள். நியாயமான குறை. ஐந்து வரைவிலும் நான் அதைக் கவனிக்கவில்லை.

அழுதார். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள், ஜெர்மனி விளம்பரத்துக்குக் கடைசி நாள் மாத முடிவு என்று அவரே ஞாபகப்படுத்தினார்.

பத்துப் பக்கத் திட்டம் இரண்டு பக்கமாகச் சுருங்கியது. புதிதாக எழுத வேண்டியது மிகக் குறைவு. சுயவிவரமும் இரண்டு பக்கம், மொழிகள் முதல் பக்கத்தின் மேலே.

மார்ச்சில் ஸூமில் நேர்காணல், பினாங்கு நேரம் மாலை 4, அங்கே காலை 9. மகளைப் பக்கத்து வீட்டு அத்தை கூட்டிக்கொண்டு போனார். டிரஸர் எழுதியதும் அரசு அறிக்கையும் ஒத்துப்போகாதபோது எதை நம்புவீர்கள் என்று கேட்டார்கள். பேதி பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினாராம். ஏப்ரலில் வேலை உறுதிக் கடிதம் வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம், ஜெர்மன் மாநில அரசு ஊழியர்களுக்கான டிவி-எல் ஈ13 சம்பள விகிதம், பிடித்தத்துக்கு முன் மாதச் சம்பளம் 4,000 யூரோவுக்கு மேல். முனைவர் பட்டக் காலத்தில் வாங்கிய ஆய்வு உதவியாளர் நியமனக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால், அனுபவக் கணக்கில் ஒரு படி மேலே வைத்தார்கள். அந்தக் கடிதங்களை யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ரயிலேறி கோலாலம்பூர் ஜெர்மன் தூதரகத்தில் விசா வேலையை முடித்தார். நம் பல்கலைக்கழகப் பட்டம் அங்கே செல்லுமா என்பதை அனபின் என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் முன்பே பார்த்து அச்சடித்துக் கொண்டுபோனது உதவியது. அக்டோபரில் தனியாகப் போனார். கணவரும் மகளும் டிசம்பரில்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வைவா தேதி தெரிந்த அன்றே விதிகளை மூல ஆவணத்தில் படிக்க வேண்டும். கேள்விப்பட்டதை நம்பி ஒரு சுற்றே போயிற்று. துறைக்காரர் ஒருவரிடம் முதல் மாதமே பேசியிருந்தால் அந்த 112 கடிதமும் மிச்சம். அவர் என்னிடம் வரத் தயங்கியதற்குக் காரணம் கேட்டேன். "வேலை கேக்க வந்துட்டான்னு நெனப்பீங்களோன்னு" என்றார். மூத்தவர்கள்தான் முதலில் கூப்பிட்டுப் பேச வேண்டும். இப்போது வைவா முடித்தவர் என்று கேள்விப்பட்டால் நானே போன் போடுகிறேன்.

சம்பளமுள்ள எந்த ஆய்வு ஒப்பந்தத்தையும் இனி வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். குழந்தையும் வாடகையும் இருக்கும் வீட்டில் அது விண்ணப்பத்தின் எதிரி இல்லை, விண்ணப்பம் எழுத விடுவதே அதுதான்.

ஹம்போல்டுக்கு அவர் அனுப்பவே இல்லை. மரீ கியூரியை அனுப்பிய அடுத்த மாதமே அதே திட்டத்தை மாற்றி எழுதி, ஜெர்மனியில் ஒரு பேராசிரியரைப் பிடித்து அங்கேயும் அனுப்பியிருக்க வேண்டும். களைத்துப்போயிருந்தார், நானும் வற்புறுத்தவில்லை.

இப்போதைய நிலை

ஜெர்மனி வேலை நிரந்தரமில்லை. தற்காலிக ஆய்வு ஒப்பந்தங்களுக்கு அங்கே சட்டமே வரம்பு வைத்திருக்கிறது, முனைவர் பட்டத்துக்குப் பின் பொதுவாக 6 வருடம். மரீ கியூரியில் போகும் நாட்டில் கடைசி 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதனால் ஜெர்மனியை விட்டு வேறு நாட்டுக்கு, அந்த நெதர்லாந்துப் பேராசிரியரோடு சேர்ந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். எட்டு வருடக் கடிகாரத்தில் இன்னும் நேரம் பாக்கி. கற்றுத்தரும் பகுதியில், தோட்டத்துத் தமிழ்க் கையெழுத்தை வாசிக்கும் பயிற்சி வகுப்பு ஒன்றை எழுதியிருக்கிறார். பேரேட்டின் முதல் பத்துப் பக்கம் அதற்குப் பாடம். முதல் வரைவு போன வாரம் எனக்கு வந்தது.